கோளாறு இல்லை

ஒரே வீட்டில் ஒருவர் பஸ் ஓட்டுகிறவர், இன்னொருவன் அதே பஸ்ஸைப் பழுது பார்க்கிறவன் என்று அமைந்துவிட்டால், நடுவில் மாட்டிக்கொண்டவள் பாடு திண்டாட்டம்தான். அவளுக்கு அப்படித்தான் அமைந்தது. ஓட்டுகிறவர் புருஷன். பழுது பார்க்கிறவன் கூடப்பிறந்த தம்பி. மாடி அறையில் குடியிருந்துகொண்டு சாப்பாட்டுக்கு மட்டும் கீழே இறங்கி வருகிற தம்பி. இரண்டு பேருக்கும் ஒரே டிப்போவில் வேலை, ஒரே மேஜையில் சாப்பாடு, ஒரே சோப்பில் குளியல். இத்தனை ஒற்றுமை இருந்தும் இந்த மழை தொடங்கியதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

டிப்போவில் புருஷனுக்குப் பட்டப்பெயர் புலவர். தம்பிக்குத் தந்தி. சும்மா வைத்த பெயர்கள் அல்ல. அங்கே ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிற டிரைவர், அன்றைக்கு வண்டியில் என்ன குறை கண்டாரோ அதை ஒரு கார்டில் எழுதி, ஷெட் வாசலில் இருக்கும் கம்பியில் குத்திவிட்டுப் போக வேண்டும். காலையில் ஃபிட்டர் அதைப் படித்து, வண்டியைப் பார்த்து, கீழே பதில் எழுத வேண்டும். மற்ற டிரைவர்கள் ‘கதவு மூடவில்லை’, ‘ஹாரன் அடிக்கவில்லை’ என்று கிறுக்கிவிட்டு வீட்டைப் பார்க்கப் போவார்கள். புலவரால் அது முடியாது. பேனாவைக் கையில் எடுத்தால் அவருக்கு ஊற்றெடுத்துவிடும். கண்ணாடி துடைக்கிற வைப்பரில் ரப்பர் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம். அதற்கு அவர் எழுதினார்: ‘மழையைத் துடைக்க வேண்டிய கை, மழையோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு என் கண்ணைக் கட்டுகிறது.’ ஷெட்டில் அதைப் படித்தவன் கண் டாக்டரிடம் போகச் சொல்லிவிட்டான்.

தம்பி இதற்கு நேர் எதிர். ஒரு கியர் பெட்டியை நாள் முழுக்கக் கழற்றி, கழுவி, மாட்டிவிட்டு, கார்டில் ‘சரி’ என்று எழுதுவான். ஒருமுறை பயிற்சிக்கு வெளியூர் போனவன் அக்காவுக்குப் போனில் செய்தி அனுப்பினான்: ‘வந்தேன். சாப்பிட்டேன்.’ மறுநாள் வந்த செய்தி: ‘சாப்பிட்டேன்.’ ஊருக்குத் திரும்பும்வரை அதுதான்.

இப்படி இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சத்தம் வந்து சேர்ந்தது.

பஸ்ஸில் ஏதோ சத்தம் வருகிறது என்று புலவர் முதல் கார்டு எழுதினார். ‘சில நாட்களாக இவள் வயிற்றுக்குள் ஒரு விசனத்தை வைத்திருக்கிறாள். நான் திருப்பும்போது, கல்யாண வீட்டில் மனஸ்தாபப்பட்ட சம்பந்தி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பது போல ஓர் ஓசை எழுகிறது. கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. கருணையோடு கவனிக்கவும்.’

தந்தி அதை இரண்டு தரம் படித்தான். வண்டியை ஷெட்டிலிருந்து எடுத்து யார்டில் ஒரு சுற்று ஓட்டினான். வண்டிக்கு அடியில் நின்று பார்ப்பதற்காக ஷெட்டில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்குள் இறங்கி, ஒவ்வொரு போல்ட்டையும் சுத்தியால் தட்டிப் பார்த்தான். மேலே ஏறி வந்து எழுதினான்: ‘கோளாறு இல்லை.’

இரண்டாவது கார்டு முதலாவதைவிட நீளம். அதை எழுதி முடித்த வேகத்தில் புலவர் கடைசியில் இதையும் சேர்த்துவிட்டார்: ‘கோளாறு வண்டியில் இல்லையென்றால், பார்த்தவர் காதில் இருக்கக்கூடும். அதையும் ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நலம்.’ ஷெட்டில் டயர் மாற்றுகிறவர் ஒருவர் இருக்கிறார், குரல் வளம் உள்ளவர். அவர் ஒரு டயரின் மேல் ஏறி நின்று அதை நாடக பாணியில் வாசித்துவிட்டார். எல்லோரும் சிரித்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. தந்திக்கு முகம் சிவந்துவிட்டது. வண்டியை மறுபடி ஓட்டினான், மறுபடி தட்டினான், மறுபடி ‘கோளாறு இல்லை’ என்று எழுதினான். அதோடு விட்டிருந்தால் போயிற்று. “சத்தம் வண்டிக்குள்ள வரல. மாமா தலைக்குள்ள வருது” என்று வாயாலும் சொல்லிவிட்டான். அந்தப் பேச்சு கேன்டீனுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? புலவர் டீயை வாயில் வைப்பதற்குள் வந்துவிட்டது.

அன்றிலிருந்துதான் பேச்சு இல்லை.

இதெல்லாம் அவளுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, டிப்போ மேனேஜர் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசிய நாள்வரைக்கும். அன்று சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்து குடையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். புலவர் நனைந்த ஷூவைக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

“மேனேஜர் கூப்பிட்டுட்டார். ஒரே குறைக்கு மூணாவது தடவையும் ‘கோளாறு இல்லை’னு வந்தா, அவர் மேலிடத்துக்கு எழுதியே ஆகணுமாம். ஒண்ணு, நான் பொய்ப்புகார் எழுதறேன்னு எழுதணும். இல்லைன்னா, உன் தம்பி வண்டிய சரியாப் பார்க்கலன்னு எழுதணும்.”

“எழுதினா?”

“பொய்ப்புகார்னா வண்டியும் போச்சு, ரூட்டும் போச்சு. யாருக்காவது உடம்பு சரியில்லைன்னா அவங்க வண்டிய ஓட்டிக்கிட்டு திரியணும். சரியாப் பார்க்கலன்னா, உன் தம்பிய வேலைல நிரந்தரம் பண்ற பேப்பர் மேனேஜர் மேஜைல கையெழுத்துக்குக் கிடக்குதில்ல, அது அங்கேயே கிடக்கும். நாளைக்குள்ள முடிவு தெரியணும்னுட்டார்.”

அவள் நனைந்த குடையோடு அப்படியே நின்றாள். ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி. எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி இந்த வீட்டுக்குத்தான். மூன்று வருஷமாக அந்த நிரந்தரத்துக்காகத் தம்பி நாயாய் உழைத்திருக்கிறான். புருஷனுக்கோ அந்த வண்டிதான் உயிர்; ஞாயிற்றுக்கிழமைகூடக் கனவில் கியர் போடுகிற மனுஷன்.

“மூணாவது கார்டு எழுதிட்டீங்களா?”

“இல்ல.” சட்டைப் பையிலிருந்து வெற்றுக் கார்டை எடுத்துக் காட்டினார். “காலைல கொண்டுபோய்க் குத்தணும். இந்தத் தடவை எழுதற எழுத்துல படிக்கறவன் அழுதுடணும்.”

“ஐயோ சாமி!” என்றாள் அவள்.

அவளுக்கும் எழுத்துதான் பிழைப்பு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்குகிற அறையில் வேலை. காதில் ஹெட்ஃபோன், முன்னால் கம்ப்யூட்டர். காலை முதல் மாலைவரை ஊர் ஜனங்கள் அதற்குள் புகுந்து கத்துவார்கள். தண்ணீர் வரவில்லை என்பதற்கு ஒருத்தி அழுவாள். ஒருவர் அதிகாரிகளின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டுவார். ஒரு பெரியவர், தன் வீட்டுக் குழாயின் சரித்திரத்தை அது போட்ட வருஷத்திலிருந்து தொடங்குவார். அத்தனையையும் கேட்டு, மண்வெட்டியோடு நிற்கிற ஆள் ஒரே தடவை படித்துவிட்டு நேராக அந்த இடத்துக்குப் போகிற மாதிரி இரண்டு மூன்று வரியாக்குவது அவள் வேலை. அதில் அவள் கெட்டிக்காரி. அவள் எழுதின புகாருக்குப் போன ஆள், ‘எந்தத் தெரு, எந்தக் குழாய்?’ என்று திரும்பக் கேட்டதே இல்லை. ஆனால் அலுவலகக் குரலை அலுவலகத்திலேயே கழற்றி மாட்டிவிட்டு வருகிறவள். வீட்டுக்குள் அதுவரை அதைக் கொண்டுவந்ததில்லை.

சாப்பாட்டு நேரம். வறுத்த உருளைக்கிழங்கும் அவித்த முட்டையும் மேஜைக்கு வந்தன. வெளியே மழை வலுத்திருந்தது. தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்து, நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். புலவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார்.

“உன் தம்பிகிட்ட உப்பை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லு” என்றார் புலவர்.

“உப்பு அவர் முழங்கைகிட்டதான் இருக்குன்னு சொல்லுக்கா” என்றான் தம்பி.

“முழங்கைக்குக் கண்ணு கிடையாதுன்னு சொல்லு.”

“நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் டெலிபோன் கம்பியா?” என்று உப்பு டப்பாவை எடுத்து நடுவில் ‘ணங்’ என்று வைத்தாள். இரண்டு பேரும் முட்டையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. கையைத் துடைத்துக்கொண்டாள். ஒரு துண்டுக் காகிதத்தையும் ஒரு பென்சிலையும் எடுத்து வைத்துக்கொண்டு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். காதுப் பக்கம் கையை வைத்து, இல்லாத ஹெட்ஃபோனைச் சரிசெய்தாள்.

“வணக்கம். புகார் பிரிவு. உங்க புகாரைச் சொல்லுங்க சார்.”

புலவர் வாயில் முட்டையோடு திரும்பிப் பார்த்தார். “ஏம்மா, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?”

“லைன்லதான் இருக்கேன் சார், சொல்லுங்க.”

அந்தக் குரல் அவர் வீட்டில் கேட்காத குரல். மரியாதையாகவும் இருந்தது, தப்பிக்க வழியில்லாமலும் இருந்தது. புலவர் தன்னை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“அதுங்க... என் வண்டில ஒரு சத்தம்ங்க. ஒரு மனுஷன் மனசு வெறுத்துப்போய்...”

“மனுஷன் இருக்கட்டும் சார். சத்தம் நீளமா இழுக்குதா, ஒரே தரம் வந்து நின்னுடுதா?”

“ஒரே தரம். டக்குனு. ஆனா அந்த டக்குல ஒரு வேதனை...”

“டக்குனு ஒரு தரம்” என்று எழுதிக்கொண்டாள். “எங்கேர்ந்து வருது?”

“பின்னாடிலேர்ந்து.”

“பஸ்ல பாதி பின்னாடிதான் சார். எந்த இடம்?”

சுவர்ப் பக்கமிருந்து ‘ம்க்கும்’ என்று ஒரு சிரிப்பு வந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“இடது பக்கம். பின் சக்கரத்துக்கு மேல.”

“எப்ப வருது?”

“அதான் எழுதினேனே, திருப்பும்போது.”

“எந்தப் பக்கம் திருப்பும்போது?”

புலவர் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். தட்டு ஸ்டியரிங் ஆகிவிட்டது. உதடு லேசாக உறுமியது. நேராகப் போனார், ஒரு இடத்தில் பிரேக் போட்டார், இடது பக்கம் ஒடித்தார், தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் தோளைச் சாய்த்து வலது பக்கம் ஒடித்தார். உருளைக்கிழங்கு தட்டின் ஓரத்துக்கு உருண்டது. கண்ணைத் திறந்தார்.

“வலது பக்கம். ஆமா, வலது பக்கம் மட்டும்தான்! பள்ளிக்கூடம் தாண்டி ஒரு திருப்பம், ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு திருப்பம். இடது பக்கம் எத்தனை திருப்பம் இருக்கு, ஒண்ணுலயும் வராது.”

“அக்கா” என்றான் தம்பி சுவரைப் பார்த்தபடியே. “இதெல்லாம் அந்த ரெண்டு கார்டுல ஒண்ணுலயாவது இருந்துச்சான்னு கேளு. சம்பந்தி இருந்தாரு, நாற்காலி இருந்துச்சு. வலது பக்கம் இல்ல.”

“நடுவுல பேசினா லைன் கட்டாயிடும்” என்றாள் அவள். “சரி சார். இப்ப இதைச் சொல்லுங்க. சத்தம் எப்ப வராது?”

இது அவள் தொழிலில் அவளாகக் கண்டுபிடித்துக்கொண்ட கேள்வி. தண்ணீர் வரவில்லை என்று வருஷக்கணக்கில் கத்துகிறவரிடம், ‘எப்ப வரும்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘பக்கத்து வீட்டுல மோட்டார் போடாதப்ப வரும்’ என்பார். அங்கேயே பாதி வேலை முடிந்துவிடும்.

“வராதா?” புலவர் கன்னத்தைச் சொறிந்தார். “டிப்போவுக்குத் திரும்பி வரும்போது வராது. டிப்போ கேட்டுல இருக்கறதுதான் இருக்கறதுலயே பெரிய வலது திருப்பம். ஆனா அங்க மட்டும் நல்ல பிள்ளையா சத்தம் போடாம வரும். அதான் எனக்கும் புரியல. வீட்டுக்கு வந்ததும் இவளுக்கு என்ன அடக்கம்னு நானே யோசிப்பேன்.”

தம்பி மெல்லுவதை நிறுத்திவிட்டான். நாற்காலி மெதுவாகச் சுவரிலிருந்து மேஜைப் பக்கம் திரும்பியது.

“அக்கா, டிப்போவுக்கு வரும்போது வண்டில ஆள் இருக்குமான்னு கேளு.”

“கடைசி ஸ்டாப்லயே எல்லாரையும் இறக்கிட்டுத்தான் வருவேன்னு சொல்லு. டிப்போவுக்குள்ள ஆளை ஏத்திக்கிட்டு வந்து விருந்தா வைக்கறாங்க?”

“மத்த நேரத்துல?”

“மத்த நேரத்துல மூச்சு விட இடம் இருக்காதுன்னு சொல்லு. என் வண்டி என்னைக்குக் காலியாப் போயிருக்கு?”

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“ஏண்டா, நீ எப்படி ஓட்டிப் பார்த்த?”

“ஷெட்லேர்ந்து எடுத்து யார்டுல ஒரு சுத்து.”

“உள்ள யார் இருந்தா?”

“நான்தான்.”

“காலியா ஓட்டிப் பார்த்தேன்னு கார்டுல எழுதினியா?”

“அதை எதுக்குக்கா எழுதணும்? ஷெட்ல வண்டி காலியாத்தானே இருக்கும்!”

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். “நீங்க? கூட்டமா இருக்கும்போது சத்தம் வருதுன்னு ஏன் எழுதல?”

“அதை எதுக்கு எழுதணும்? பஸ்ஸுன்னா கூட்டம் இருக்காதா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சும்மா சிரிப்பு இல்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வர ஒரு சிரிப்பு. புருஷன் வாழ்நாளில் காலி பஸ்ஸை ஒரு பஸ்ஸாகவே நினைத்ததில்லை. தம்பி வாழ்நாளில் ஆள் ஏறிய பஸ்ஸுக்கு அடியில் படுத்ததில்லை. ஒரே நம்பர் போட்ட வண்டிதான், ஆனால் அவர் ஒரு வண்டியைப் பற்றி எழுதியிருக்கிறார், இவன் வேறொரு வண்டியைப் பார்த்துப் பதில் எழுதியிருக்கிறான். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. இரண்டு பேருமே மடையர்கள். அவளுக்கு அந்த நேரத்தில் இரண்டு பேர் மீதும் வந்த பிரியத்துக்கு அளவே இல்லை.

“இப்ப எதுக்கு இவ்வளவு சிரிப்பு?” என்று புலவர் கோபித்துக்கொண்டார். தம்பியும் அதையேதான் கேட்க வாயைத் திறந்தான். ஒரு நொடி இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, சட்டென்று அவரவர் ஜன்னலுக்கும் சுவருக்கும் திரும்பிக்கொண்டார்கள். வீம்பு அப்படி.

தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கார்டு எழுத அவளும் புலவரும் உட்கார்ந்தார்கள். தம்பி மாடிக்குப் போய்விட்டான். ஃபிட்டர் பக்கத்தில் உட்கார்ந்து டிரைவர் கார்டு எழுதினார் என்ற பேச்சு வரக்கூடாதாம்.

“‘மக்கள் வெள்ளத்தைச் சுமந்தபடி’னு ஆரம்பிக்கட்டுமா?” என்றார் புலவர்.

“வெள்ளம்னு போட்டா, பஸ்ஸுக்குள்ள தண்ணி வந்துடுச்சுன்னு எவனாவது பக்கெட்டோட வருவான். ‘கூட்டம் நிறைய இருக்கும்போது’னு எழுதுங்க.”

எழுதினார். “‘வலது புறம் நான் கனத்த மனதோடு திருப்புகையில்’...”

“மனசு வேண்டாம்.”

“கனத்த கையோடு?”

“கையும் வேண்டாம்.”

“அட, ஒரு மனுஷன் இத்தனை நாள் கஷ்டப்பட்டதுக்கு ஒரு இடம்கூடக் கிடையாதா இந்தக் கார்டுல?” புலவர் நிஜமாகவே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவளுக்குப் பாவமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க கஷ்டத்தை என்கிட்ட சொல்லுங்க, நான் கேக்கறேன், விடிய விடியக் கேக்கறேன். கார்டுல சத்தத்தை மட்டும் சொல்லுங்க. அதைக் கேக்க வேண்டியவன் வேற ஆள்.”

கடைசியில் கார்டில் நின்றது இவ்வளவுதான்: ‘கூட்டம் நிறைய இருக்கும்போது வலது பக்கம் திருப்பினால், இடது பின் சக்கரத்துக்கு மேலே டக் என்று ஒரு முறை சத்தம் வருகிறது. இடது பக்கம் திருப்பினால் வருவதில்லை. வண்டி காலியாக இருந்தால் எந்தப் பக்கம் திருப்பினாலும் வருவதில்லை. ஆட்களை ஏற்றித் திருப்பிப் பார்க்கவும்.’

புலவர் அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “மொட்டை அடிச்ச மாதிரி இருக்கு” என்றார்.

மறுநாள் அவளுக்கு வார விடுமுறை. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானம் இரண்டு பேருக்கும் சாப்பாடு கொடுக்கிற சாக்கில் டிப்போவுக்கே போய்விட்டாள். மழை விட்டிருந்தது. யார்டு முழுக்கச் சேறும் டீசலும் கலந்து வானவில் நிறத்தில் குட்டைகள். காலையில் நடந்ததை டயர்காரர் ஓடி வந்து சொன்னார். தந்தி கார்டைப் படித்தானாம். வழக்கமான இரண்டு வார்த்தையை எழுதாமல் நேராக மேனேஜர் அறைக்குப் போய், “ஆள் வேணும் சார்” என்றானாம். எத்தனை ஆள் என்று கேட்டதற்கு, “பஸ் நிறைய” என்றானாம்.

சாப்பாட்டு மணி அடித்தது. மேனேஜர் சொல்லிவிட்டார் என்றதும் டிப்போவே திரண்டு வந்தது. வேலை முடித்த டிரைவர்கள், பை மாட்டிய கண்டக்டர்கள், டீசல் அடிக்கிறவர், வண்டி கழுவுகிற பெண்கள், கையில் கரண்டியோடு கேன்டீன் சமையல்காரர். பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல். “டிக்கெட் எடுத்துட்டு ஏறுங்க!” என்று ஒரு கண்டக்டர் கத்தினார். “இறங்கும்போது தரேன்!” என்றாள் வண்டி கழுவுகிற ஒருத்தி. சமையல்காரர் ஜன்னல் சீட்டுதான் வேண்டும் என்று அடம்பிடித்தார். அவளும் ஏறிக்கொண்டாள். தந்தி பின்பக்கம், இடது சக்கரத்துக்கு நேர் மேலே, பஸ் தரையில் கோணியை விரித்துப் படுத்துக் காதைத் தகட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டான். மேனேஜர் ஏறி அவன் பக்கத்தில் நின்றார்.

புலவர் வண்டியைக் கிளப்பினார். யார்டின் மூலைக்குப் போய் வலது பக்கம் ஒடித்தார்.

ஒன்றும் வரவில்லை.

இன்னொரு சுற்று. அப்போதும் இல்லை. சிரிப்புச் சத்தம் மெல்ல அடங்கியது. கண்ணாடியில் புலவரின் முகம் தெரிந்தது. அவருக்கு உதடு வறண்டுபோயிருந்தது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தரையில் படுத்திருந்தவன் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் எரிச்சல் இல்லை, பயம்தான் இருந்தது. எதை விட்டோம், எதைக் கேட்காமல் விட்டோம் என்று அவள் சுற்றிலும் பார்த்தாள்.

பார்த்தால், கூட்டம் மொத்தமும் புலவரைக் கேலி செய்கிற ஆசையில் முன்பக்கம் அவர் சீட்டைச் சுற்றிக் குவிந்து நிற்கிறது! பின்பக்கம் தம்பியும் மேனேஜரும் மட்டும்.

“ஏங்க!” என்று அங்கிருந்தே கத்தினாள். “உங்க வண்டில ஜனங்க எங்க நிப்பாங்க?”

“பின்னாடிதான்! இறங்கற வழி இடது பக்கம் பின்னாடிதானே இருக்கு? பள்ளிக்கூடப் பசங்க அத்தனையும் அங்கதான் அடைஞ்சு நிக்கும். முன்னாடி வா, முன்னாடி வான்னு நான் தொண்டை வத்தக் கத்துவேன், ஒண்ணும் அசையாது!”

“இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீ கேக்கலயே!”

கேட்கவில்லைதான். அவள் தலையில் தட்டிக்கொண்டாள். “எல்லாரும் பின்னாடி வாங்க! இடது பக்கம்! நெருங்கி, இன்னும் நெருங்கி!” கூட்டம் ‘ஹோ’ என்று பின்னால் பாய்ந்தது. தம்பி கால்களுக்கு நடுவில் காணாமல் போனான். சமையல்காரரின் கரண்டி மேனேஜரின் விலாவில் குத்தியது. வண்டி மூலைக்கு வந்து, தாழ்ந்து, வலது பக்கம் திரும்பியது.

டக்.

அப்புறம் எழுந்த கூச்சலை என்னவென்று சொல்வது! கை தட்டினார்கள், கூரையைத் தட்டினார்கள், டயர்காரர் விசில் அடித்தார். அத்தனைக்கும் அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“மாமா! இன்னொரு தடவை திருப்புங்க மாமா!”

புலவர் கண்ணாடியில் பார்த்தார். எத்தனையோ நாள் கழித்து அந்தச் சொல் நேராக அவருக்கு வந்திருக்கிறது. “திருப்பறேன் மாப்ள! காதை வச்சுக்கோ!” என்றார். அவர் குரல் உடைந்தது பஸ் முழுக்கக் கேட்டது.

டக்.

வண்டியை அப்படியே பள்ளத்துக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தச் சொன்னான். “யாரும் இறங்காதீங்க, நின்ன இடத்துலயே நில்லுங்க” என்று சொல்லிவிட்டு டார்ச்சோடு அடியில் இறங்கினான். அடுப்பில் வைத்தது அடிபிடித்துவிடும் என்று சமையல்காரர் புலம்பியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து அவன் மேனேஜரைக் கூப்பிட்டான். மேனேஜர் மட்டும் இறங்கிப்போய்க் குனிந்து பார்த்தார். ஸ்பிரிங் பட்டையை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்திருக்கிற இரும்புத் தாங்கியில் ஒரு விரிசல். ஆள் ஏறிச் சாய்ந்தால் திறக்கிறது. ஆள் இறங்கினால், அங்கே விரிசல் இருப்பதே தெரியாமல் மூடிக்கொள்கிறது.

“இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும்?” என்று மேனேஜர் மெதுவாகக் கேட்டார். தந்தி விரிசலின் மேலேயே டார்ச்சைப் பிடித்திருந்தான். அவள் அந்தப் பின்வாசலில் அடைந்து நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளை நினைத்தாள்.

ஆட்களை இறக்கினார்கள். வண்டியைத் தெருவுக்கு எடுக்கக்கூடாது என்று சிவப்பு அட்டை மாட்டினார்கள். தந்தி கையைத் துடைத்துக்கொண்டு, கார்டைப் பெஞ்சின் மேல் வைத்து உட்கார்ந்தான். பேனாவைப் பிடித்தபடி அக்காவை அண்ணாந்து பார்த்தான்.

“என்னக்கா எழுதறது?”

“என்ன பண்ணினியோ, என்ன பார்த்தியோ, அது.”

அவன் எழுதத் தொடங்கினான். ஒரு வரி போயிற்று, இரண்டு வரி போயிற்று, பேனா நிற்கவில்லை. டயர்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “அடேய், தந்தி கடுதாசி எழுதறான்டா!” என்று கூவினார். எழுதி முடித்ததும் மேனேஜர் வாங்கி வாய்விட்டு வாசித்தார்.

‘வண்டியின் பின்பகுதியில் இடது பக்கம் ஆட்களை நிறுத்தி, வலது பக்கம் திருப்பிப் பார்த்தேன். சத்தம் வந்தது. இடது பின் ஸ்பிரிங் தாங்கியில் விரிசல். மாற்ற வேண்டும். மாற்றும்வரை வண்டியை ஓட்டக்கூடாது. முதல் இரண்டு முறையும் நான் வண்டியைக் காலியாக மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கோளாறு இல்லை என்று எழுதினேன். அது தவறு. ஓட்டுநர் மூன்று முறையும் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்.’

மேனேஜர் கார்டைத் தாழ்த்தினார். “தம்பி, ‘விரிசல், மாற்ற வேண்டும்’னு எழுதினாலே போதும். இந்தக் கடைசி வரிங்க உனக்கு நல்லதில்ல. உன் நிரந்தரப் பேப்பரோட இதையும் மேல இருக்கறவங்க பார்ப்பாங்க.”

“பார்க்கட்டும் சார்” என்றான் தந்தி. “அதை எடுத்துட்டா மாமா பொய்ப்புகார் எழுதினார்ங்கற பேர் போகாது.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை, புடவைத் தலைப்பால் நன்றாகவே துடைத்துக்கொண்டாள். மேனேஜர் கார்டை இன்னொரு தரம் படித்தார். “தன் தப்பை இவ்வளவு விவரமா எழுதறவன் என் ஷெட்டுக்கு வேணும். பேப்பர்ல இன்னைக்கே கையெழுத்துப் போடறேன். மேல இருந்து கேட்டா நான் பேசிக்கறேன்” என்றார். மறுபடி ஒரு கூச்சல். சமையல்காரர்கூட அடுப்பை மறந்துவிட்டு நின்றார்.

“டிரைவர் கையெழுத்து பாக்கி” என்று மேனேஜர் கார்டை நீட்டினார். “ஏதாவது சொல்லணும்னா கீழ இடம் இருக்கு. சின்ன இடம்தான்.”

புலவர் பேனாவை வாங்கினார். எல்லோரும் நெருங்கி வந்தார்கள். சம்பந்தி வருவாரா, விசனம் வருமா என்று டயர்காரர் டயர் மேல் ஏறத் தயாராக நின்றார். புலவர் கார்டைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார். அவன் நெற்றியில் பஸ் தரையின் சேறு அப்பியிருந்தது. வாயைத் திறந்தார், மூடினார். எழுதினார். கார்டை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மேனேஜர் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

“என்னங்க இது? ‘நன்றி, மாப்பிள்ளை’னு எழுதியிருக்கீங்க? இது ஆபீஸ் கார்டு. உறவுமுறை எல்லாம் இதுல எழுதக்கூடாது. அந்த ரெண்டாவது வார்த்தையை அடிச்சிடுங்க.”

அவள்தான் முன்னால் வந்தாள்.

“சார், நேத்து இவர் எழுதினதுல பாதிக்கு மேல அடிச்சவ நான். இதுல அடிக்க ஒண்ணும் இல்ல.”

மேனேஜர் அவளைப் பார்த்தார். கார்டைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுக் கம்பியில் குத்தினார்.